அனைத்தும் அடங்கிய விலை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களுக்கு ஓய்வு நாள் கழிக்கச் சென்ற தொழிலாளர் குடும்பத்திற்கு, வாரக் கடைசியில் விடுதிக்காரி நீட்டிய கணக்குச் சீட்டில் விந்தையான வரியொன்று இருப்பதுண்டு. உப்பும் மிளகுத்தூளும் மேசைமீது வைத்ததற்கான கட்டணம் அது. அறைக்கு வாடகை தனி. குளிக்க வெந்நீர் கேட்டால் அதற்குத் தனி. காலை உணவு முடிந்ததும் விருந்தினர் வெளியேறிவிட வேண்டும். மறுபடி உள்ளே வருவதற்கு உணவு வேளை வரவேண்டும். மழை கொட்டினாலும் கதவு திறக்காது. ஆண்டு முழுவதும் ஆலையில் உழைத்துச் சேர்த்த காசைக் கொண்டு வந்தவன், மனைவி மக்களோடு ஏதேனும் ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். மலிவு விடுதியின் தரம் என்னும் வினா அந்தத் தாழ்வாரத்தில் பிறந்தது எனலாம்.

வேல்சு நாட்டின் பாரி தீவில் அவ்வாறு நனைந்து நின்றவர்களைக் கண்டு மனம் இரங்கியவர் பில்லி பட்லின். தென்னாப்பிரிக்காவில் 1899 இல் பிறந்து, கனடாவில் வளர்ந்து, இங்கிலாந்தின் பொருட்காட்சித் திடல்களில் வளையமெறியும் கடை போட்டு முன்னேறியவர் அவர். இரக்கத்தோடு வணிகக் கணக்கும் அவருக்குத் தெரியும். 1936 ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளை ஒட்டி, கிழக்குக் கரையிலுள்ள ஸ்கெக்னெஸ் என்னும் ஊரில் தம் முதல் விடுமுறை முகாமைத் திறந்தார். சிறு சிறு மரக்குடில்கள், நாளுக்கு மூன்று வேளை உணவு, நீச்சல் குளம், நடனக் கூடம், ஆட்டபாட்டம் அனைத்தும் ஒரே கட்டணத்தில் அடக்கம். பருவத்திற்கேற்ப வாரத்திற்கு 35 ஷில்லிங் முதல் மூன்று பவுண்டு வரை. ஒரு வாரச் சம்பளத்திற்கு ஒரு வார விடுமுறை என்பதே அவர் விளம்பரத்தின் சாரம். ஈராண்டு கழித்து, 1938 இல், சம்பளத்தோடு கூடிய விடுமுறைச் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, அந்த விளம்பரத்திற்குச் சட்டமே துணை நின்றது.

பட்லினின் முகாமை இன்றைய கண்கொண்டு பார்ப்போர் அதனைப் படைவீரர் பாசறையோடு ஒப்பிட்டு நகைப்பர். காலையில் ஒலிபெருக்கி எழுப்பும். சிவப்பு மேற்சட்டை அணிந்த பணியாளர் விளையாட வாரும் என்று வற்புறுத்தி அழைப்பர். போர் மூண்டதும் கடற்படை அந்த முகாமைத் தன் பயிற்சி நிலையமாக எடுத்துக்கொண்டதும் உண்மையே. ஆயினும், மழை பெய்தால் ஒதுங்க ஒரு கூரையும், எப்போதும் திறந்திருக்கும் ஒரு கதவும், உப்புக்குக் காசு கேட்காத ஒரு மேசையும் கிடைத்த தொழிலாளிக்கு அந்த நகைப்பில் பங்கில்லை. அவன் அளந்த அளவுகோல் வேறு.

போர் முடிந்தபின் விமானம் வந்தது. உருசியாவிலே பிறந்து இலண்டனில் செய்தி நிறுவனமொன்றில் பணியாற்றிய விளாடிமிர் ரைட்ஸ் என்பவர், 1949 இல் பிரான்சுக்குச் சொந்தமான கோர்சிக்கா தீவின் கல்வி என்னும் ஊருக்குச் சென்று மகிழ்ந்து திரும்பினார். அங்குள்ள கூடார முகாமுக்கு இங்கிலாந்திலிருந்து ஆட்களை வாடகை விமானத்தில் அழைத்துச் செல்லலாம் எனக் கணக்கிட்டார். 1950 மே மாதம் முதல் விமானம் புறப்பட்டது. போக வர விமானக் கட்டணம், கூடாரத்தில் இரு வாரத் தங்கல், நாளும் இருமுறை இறைச்சி உணவு, திராட்சை மது அனைத்தும் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். அக்காலத்தில் நீசு நகருக்கு வழக்கமான விமானச் சீட்டு மட்டுமே ஏறத்தாழ 70 பவுண்டு. இங்கிலாந்தில் இறைச்சிக்கு இன்னமும் பங்கீட்டு அட்டை; அது 1954 வரை நீடித்தது. எனவே, கூடாரத்தில் உறங்க வேண்டுமே என்று எவரும் முகஞ்சுளிக்கவில்லை. தட்டில் இருந்த இறைச்சித் துண்டே அவர்களுக்கு ஐந்து நட்சத்திரம்.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் போவதற்கில்லை. அரசு தன் விமான நிறுவனத்திற்குப் போட்டி வந்துவிடக்கூடாதென்று அஞ்சி, ஆசிரியரும் மாணவரும் மட்டுமே அவ்விமானத்தில் செல்லலாம் என்னும் கட்டுப்பாட்டோடு ரைட்சுக்கு உரிமம் அளித்தது. உலகைப் பின்னாளில் புரட்டிப் போட்ட மலிவு விமானச் சுற்றுலாவின் முதல் பயணிகள் பள்ளிக்கூட மக்களே. வாத்தியார்களின் பையைப் பற்றி அரசுக்கு இருந்த நம்பிக்கை அது போலும்!

அதே 1950 ஆம் ஆண்டு, ஸ்பெயினுக்குரிய மயோர்க்கா தீவின் அல்குடியாக் கடற்கரையில் வேறொரு கூடார ஊர் எழுந்தது. அதனை அமைத்தவர் ஜெரார் பிளிட்ஸ் என்னும் பெல்ஜியர்; நீர்ப்பந்தாட்ட வீரர். போரின் கொடுமையால் நலிந்தோர் கடலும் வெயிலும் கூட்டுறவும் கண்டு மனந்தேற வேண்டுமென்பது அவர் நோக்கம். கூடாரங்களைக் கொடுத்துதவியது திரிகானோ குடும்பத்தின் கடை; அக்குடும்பத்தின் ஜில்பேர் திரிகானோ பின்னர் நிர்வாகப் பொறுப்பையே ஏற்றுக்கொண்டார். கிளப் மெட் என்று உலகம் அறிந்த நிறுவனம் இதுவே. கூடாரம் நாளடைவில் பொலினீசியக் கீற்றுக் குடிசையாயிற்று. காசு கண்ணில் படக்கூடாதென்று, மதுக்கூடத்தில் பானத்திற்கு ஈடாகக் கழுத்தில் அணிந்த மணிகளைக் கழற்றித் தரும் வழக்கம் வந்தது. உணவு மேசையில் திராட்சை மது கட்டணத்தில் அடக்கம். மதுக்கூடத்துப் பானமோ அடக்கமன்று. மணிகளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அழகிய தந்திரம்! பணம் மறைந்ததேயன்றி ஒழியவில்லை. 'அனைத்தும் அடக்கம்' என்னும் சொல்லைக் கேட்போர், எது எது அடக்கம் என்று வினவ வேண்டிய தேவை அந்த மணிமாலைக் காலத்திலேயே தோன்றிவிட்டது.

அந்நிறுவனத்தின் ஆசியக் கிளைகளுள் முதலாவது நம் நாட்டிலேயே அமைந்தது. 1980 ஆம் ஆண்டை ஒட்டி, பகாங் மாநிலத்தில் குவாந்தானுக்கு வடக்கே செராத்திங் கடற்கரையில் அது திறக்கப்பட்டது. பளிங்கும் கண்ணாடியுமாக எழுப்பாமல், கம்பத்து வீடுகளைப் போலத் தூண்கள்மேல் நிற்கும் மரக்கட்டடங்களாகவே அதனை அமைத்தனர். கிழக்குக் கரைக்கு வடகிழக்குப் பருவமழை உண்டு. ஆண்டிறுதியில் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் அங்குச் செல்வோருக்கு அறை அதே அறை, உணவு அதே உணவு. கடல் மட்டும் அதே கடலன்று. கட்டணத்தில் அனைத்தையும் அடக்கிய எந்த நிறுவனமும் இன்றுவரை வானிலையை அதனுள் அடக்கியதில்லை.

தரத்தை அளப்பதற்கு நட்சத்திரங்கள் இருக்கின்றனவே எனலாம். பிரிட்டனின் மோட்டார் வாகனச் சங்கம் 1912 இலேயே விடுதிகளுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. பின்னர் நாடுகள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. ஆனால், உலகம் முழுமைக்கும் ஒரே அளவுகோல் என்று ஒன்று இன்றுவரை ஏற்படவில்லை. ஒரு நாட்டின் நான்கு நட்சத்திரம் மற்றொரு நாட்டில் மூன்றாகலாம். மேலும், நட்சத்திரம் பெரும்பாலும் எண்ணத்தக்கவற்றையே எண்ணுகிறது: அறையின் பரப்பு, மின்தூக்கி, தொலைபேசி, இத்தனை மணிநேர வரவேற்பு மேசை. மீன் புதிதா, பணிப்பெண்ணுக்கு முகமலர்ச்சி உண்டா என்பவற்றிற்கு அதில் இடமில்லை. இக்குறையை விளம்பரப் புத்தகங்கள் நிறைத்தன; நிறைத்த விதந்தான் வழக்கு மன்றம் வரை சென்றது.

1960களின் பிற்பகுதியில் ஸ்பெயின் கரையெங்கும் விடுதிகள் காளான்களாய் முளைத்தன. சிமெண்டு காயுமுன் அறைகள் விற்கப்பட்டன. வண்ணப் புத்தகத்தில் நீச்சல் குளம் நீலமாய் மின்னும். போய்ப் பார்த்தால் அவ்விடத்தில் குழியும் மண்வெட்டியும் இருக்கும். 1974 ஆகஸ்டில் கோர்ட் லைன் என்னும் விமான நிறுவனமும் அதைச் சார்ந்த கிளார்க்சன்ஸ் சுற்றுலா நிறுவனமும் ஒருசேர முறிந்தபோது, பல்லாயிரம் பிரிட்டிஷ் மக்கள் அயல்நாட்டுக் கடற்கரைகளில் சிக்கித் தவித்தனர். அடக்கவிலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை வீழ்த்த முனைந்தவர்களின் முடிவு அது. மிகு மலிவு என்பது சில வேளைகளில் நிறுவனத்தின் நோய்க்குறி என்பதை அன்று கற்றுக்கொண்டவர்கள், 2019 இல் தாமஸ் குக் என்னும் முதுபெரும் நிறுவனம் முறிந்தபோது மீண்டும் நினைவுகூர்ந்தனர்.

ஏமாந்தவனுக்கு என்ன ஈடு என்னும் வினாவுக்கு விடை கண்டது கடற்கரையன்று, மலை. இங்கிலாந்து வழக்குரைஞர் ஒருவர் 1969 ஆம் ஆண்டு இறுதியில் 63 பவுண்டு 45 பென்சு பெறுமதியான இரு வாரப் பயணமாய்ச் சுவிட்சர்லாந்து சென்றார். வீட்டு விருந்துபோல் கலகலப்பான கூட்டம் இருக்கும் என்றது விளம்பரம். முதல் வாரம் பதின்மூவர் இருந்தனர். இரண்டாம் வாரம் அவர் ஒருவரே! மாலைச் சிற்றுண்டிக்குச் சுவிஸ் இனிப்புகள் என்றிருந்தது. வந்தவை உருளைக்கிழங்கு வறுவலும் உலர்ந்த பருப்புப் பண்டமும். மலைப்பாட்டுப் பாடகன் வேலைக்குச் சென்ற உடையோடே வந்து, நாலைந்து பாட்டை அவசரமாய்ப் பாடிவிட்டுப் போனான். கீழ் மன்றம் கட்டணத்தில் பாதியளவே ஈடு கொடுத்தது. மேல் முறையீட்டு மன்றத்தில் டென்னிங் பிரபு 1972 இல் அதனை 125 பவுண்டாக உயர்த்தினார். கொடுத்த காசைவிடக் கூடுதலான தொகை அது. ஏனெனில், அந்த மனிதர் இழந்தது காசை மட்டுமன்று. ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் இரு வாரத்தை. மகிழ்ச்சி விற்கப்பட்டதெனில் மகிழ்ச்சியின் இழப்புக்கும் விலையுண்டு என்னும் கோட்பாடு அத்தீர்ப்பால் நிலைபெற்றது.

அக்கோட்பாடு விரைவிலேயே கடற்கரைக்கு வந்தது. அதுவும் இலங்கைக் கடற்கரைக்கு. அந்நாடு இன்னும் சிலோன் என்று வழங்கப்பட்ட 1971 சனவரியில், இங்கிலாந்தைச் சேர்ந்த இளம் வணிகர் ஒருவர் மனைவி மக்களோடு நான்கு வார விடுமுறைக்கு அங்குச் சென்றார். முதலில் பேசிய விடுதி கட்டி முடியவில்லை. ஈடாகத் தந்த மற்றொரு விடுதிக்காகக் கட்டணத்தைச் சற்றே குறைத்து 1,200 பவுண்டு வாங்கிக்கொண்டார்கள். அங்கே குழந்தைகளின் அறைச் சுவரில் கரும்பூஞ்சை, குளியலறை அழுக்கு, வாக்களித்த நீச்சல் குளம் முதலியன இல்லை. இரு வாரம் பொறுத்துவிட்டு, முதலில் பேசிய விடுதிக்கே மாறினர். அங்கோ கட்டட வேலை இன்னும் ஓயவில்லை. நாடு திரும்பியதும் வழக்குத் தொடுத்தார். 1,100 பவுண்டு ஈடு கிடைத்தது; மேல்முறையீட்டிலும் டென்னிங் பிரபு அத்தொகையை உறுதி செய்தார். தந்தை செய்த ஒப்பந்தமாயினும், துன்புற்ற மனைவிக்கும் மக்களுக்கும் சேர்த்தே அந்தத் தொகை என்பது அவர் விளக்கம். குடும்பத் தலைவன் ஒருவன் அனைவருக்கும் சேர்த்து வாங்கிய மகிழ்ச்சியைப் பிரித்து அளக்க முடியுமா என்னும் நுண்ணிய வினா அது. பிரபுக்கள் சபை 1980 இல் அவர் கூறிய காரணத்தை ஏற்கத் தயங்கியதேயன்றி, குடும்பத்திற்குக் கிடைத்த ஈட்டைத் தவறென்று கொள்ளவில்லை.

அவ்வழக்கின் குறைப்பட்டியலில் ஒன்றைத் தமிழர் படித்தால் புன்னகை அரும்பும். உணவு வாய்க்கு ஒவ்வவில்லை. தேங்காய் எண்ணெயில் சமைத்ததாகத் தோன்றியது. அச்சுவை எதிலும் கலந்திருந்தது என்பதே அக்குறை. பூஞ்சை படிந்த சுவரும் தேங்காய் எண்ணெய்த் தாளிப்பும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. முன்னது குற்றம்; ஐயமில்லை. பின்னதோ அந்த மண்ணின் மணம். தென்னை செழித்த நாட்டில் தேங்காய் எண்ணெய் மணக்காத சமையலைத் தேடுவோன், நாட்டைப் பார்க்க வந்தவனல்லன். வெயிலை மட்டும் வாங்க வந்தவன். ஆயினும், மூன்று வயது இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு சென்ற அந்தத் தாய் தந்தையரைப் பழிப்பதும் முறையாகாது. குழந்தை உண்ணாவிடில் எண்ணெயின் பெருமையை யார் கேட்பார்? தரம் வேறு, பழக்கம் வேறு என்று பிரித்தறிவது அவ்வளவு எளிதன்று. அந்த விடுதிகளின் அடுப்படியில் நின்றவர்களை எவரும் சாட்சிக் கூண்டில் ஏற்றியதாகத் தெரியவில்லை.

குடி உட்பட யாவும் ஒரே விலையில் என்னும் முறையை முழுமையாக்கியது ஜமைக்கா. 1970களில் அங்கு அரசியல் வன்முறை தலைவிரித்தாடியது. விடுதி வாசலைத் தாண்ட வெளிநாட்டார் அஞ்சினர். வாசலைத் தாண்ட வேண்டியதே இல்லை என்று ஆக்கிவிட்டால்? ஜான் இசா என்பவரின் நெக்ரில் விடுதி 1976 இலும், இணையர்க்கென்றே அவர் நடத்திய ஓச்சோ ரியோஸ் விடுதி 1978 இலும் அவ்வகையில் தொடங்கின. குளிர்பதனக் கருவி விற்றுச் செல்வரான கோர்டன் ஸ்டுவர்ட், 1981 இல் மொண்டேகோ பேயில் சாண்டல்ஸ் என்னும் விடுதியைத் திறந்தார். இம்முறை பெயர் பெற்றதும் டொமினிக்கன் குடியரசு, மெக்சிகோ, துருக்கி முதலிய நாடுகளின் கரைகளில் அதனினும் மலிவான விடுதிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. மணிமாலைக்குப் பதிலாக மணிக்கட்டில் ஒரு நெகிழி வளையம். அதைக் காட்டினால் போதும்.

மலிவு விடுதி எவ்வாறு பிழைக்கிறது? அதனை அறிந்தவனே அதன் மதிப்பை உரைக்க வல்லவன். பயண நிறுவனம் பருவம் முழுவதற்கும் அறைகளை மொத்தமாய்ப் பேசிக்கொள்கிறது; அறைக்குக் கிடைக்கும் தொகை அதனால் சிறிதாகிறது. எஞ்சியதில் நாளொன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று உணவுக்கு ஒதுக்குவார்கள். உணவு வரிசையின் முன்னால் ரொட்டியும் சோறும் உருளைக்கிழங்கும் குவிந்திருக்கும். இறைச்சியோ கடைசியில், அதுவும் பணியாளர் கையால் வெட்டித் தருவதாக இருக்கும். தட்டு சிறிது. பழச்சாறு பெரும்பாலும் பாகும் நீரும். சாராயம் உள்ளூர்ச் சரக்கு. பெயர்பெற்ற பானம் கேட்டால், அது வேறு வளையத்தார்க்கு உரியது என்பர். இவற்றை ஏமாற்று என்று சொல்வது பொருந்தாது. கணக்கு என்பதே பொருத்தம். ஏமாற்று எங்கே தொடங்குகிறதெனில், நண்பகலில் மிஞ்சியதை இரவில் வேறு பெயரோடு சூடாக்கி வைக்கும்போதும், கடலில் குளிப்போரைக் காக்க ஆளில்லாதபோதும் தொடங்குகிறது.

ஒரே விலை என்பதில் மற்றொரு கணக்கும் மறைந்துள்ளது. குடியாதவன் குடிப்பவனுக்காகச் செலுத்துகிறான்; அளவோடு உண்பவன் மிகுதியாய் உண்பவனுக்காகச் செலுத்துகிறான். மதுவும் மாமிசமும் தொடாத ஒருவர் அவ்விலை கொடுத்துத் தங்குவது, தேரைப் பிறர்க்காக இழுப்பதற்கு ஒப்பாகும். ஆனால், நான்கு பிள்ளைகளைப் பெற்றவரின் நிலை வேறு. பனிக்கூழ் கேட்டுப் பிள்ளை கையை நீட்டும்போது சட்டைப் பையைத் தடவாமல் தலையசைக்க ஒரு வாரம் வாய்க்கிறதே, அதற்கு எந்த நட்சத்திரத்தை ஈடாக வைப்பது?

2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிரிப்அட்வைசர் தொடங்கியபின், விருந்தினரே விடுதிகளுக்குத் தீர்ப்பெழுதலாயினர். விளம்பரப் புத்தகத்தின் பொய் இதனால் ஓரளவு அடங்கியது. ஒரே விடுதியைச் சொர்க்கம் என்று ஒருவரும் நரகம் என்று அடுத்தவரும் எழுதுவதைக் காண்கிறோம். இருவரும் உண்மையே உரைத்திருக்கலாம். 2011 முதல் கரீபியக் கரைகளில் பழுப்பு நிறக் கடற்பாசி மலைமலையாக ஒதுங்கி அழுகி நாறுகிறது. ஒரு மாதம் இருக்கும், மறு மாதம் இராது. புகைப்படத்தில் நாற்றம் தெரியாது. மற்றொரு புறம், உணவால் வயிறு கெட்டதென்று பொய்யாக வழக்கிடும் வழக்கம் 2010களின் நடுவில் பிரிட்டனில் பெருகி, ஸ்பெயின் விடுதிக்காரர்களை வாட்டியது. 2017 இல் அவ்வாறு பொய் கூறிய ஓர் இணையர்க்குச் சிறைத் தண்டனையே கிடைத்தது. டென்னிங் பிரபு திறந்துவைத்த கதவு வழியே இவர்களும் நுழைந்தனர்!

விலையில் அடங்காதோர் சிலர் உண்டு. அவர்கள் மதிலுக்கு வெளியே நிற்பவர்கள். உணவும் குடியும் உள்ளேயே கிடைக்குமாயின், சாலையோரச் சிற்றுண்டிக் கடைக்கும் வாடகை வண்டிக்காரனுக்கும் யார் காசு கொடுப்பார்? மேற்கு ஆப்பிரிக்காவின் சிறு நாடாகிய காம்பியா இவ்வினாவைத் துணிந்து எழுப்பியது. 1999 இல், அனைத்தும் அடங்கிய விலையில் சுற்றுலா விற்பதையே அந்நாட்டு அரசு தடை செய்தது. ஐரோப்பியப் பயண நிறுவனங்கள் வேறு கரைகளை நாடத் தலைப்பட்டன. 2000 இலேயே தடை நீங்கிற்று. பெரிய வணிகத்தோடு சிறிய நாடு மோதினால் விளைவது அதுவே என்று பலரும் பேசி முடித்தனர்.

ஆனால், கடற்கரையில் பழம் விற்போரும் பழச்சாறு பிழிவோரும் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. விருந்தினரை மொய்த்து நச்சரிக்கிறார்கள் என்பது அவர்கள்மீது விடுதிகள் சாற்றிய குற்றம். அவர்கள் சங்கமாகத் திரண்டனர். நடத்தை விதிகளை வகுத்துக்கொண்டு, அடையாளச் சின்னம் அணிந்து, ஒழுங்கான கடைகளில் நின்று விற்கத் தொடங்கினர். விடுதிக்குள் பாகும் நீரும் கலந்த சாற்றைக் குடித்து அலுத்தவர்கள் மணலைக் கடந்து வந்து, கண்ணெதிரே பிழிந்த மாம்பழச் சாற்றுக்குத் தனியே காசு கொடுத்தனர்.